பேத்தின்னா பேரு வேணுமுங்க!

என் மகளுக்குப் பத்து மாசம் முடிந்துவிட்டது. நாலு பல் முளைத்தாயிற்று. டி.வி. ரிமோட்டைக் கடித்தே சேனல் மாற்றத் தெரியும். என் மூக்குக்கண்ணாடியின் விலை தெரியாமல் அதைத் தரையில் அடிக்கத் தெரியும். எல்லாம் இருக்கிறது, பேர்தான் இல்லை.

சிரிக்காதீர்கள் சார். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதி இருக்கிறது, அப்பா பேர் இருக்கிறது, அம்மா பேர் இருக்கிறது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு. நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில், மெர்ச்சண்டைசராக. லேபிள் வந்து சேராததால் பேக்கிங் ஆகாமல் டேபிளில் குவிந்து கிடக்கிற சரக்கைத் தினமும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன். வீட்டுக்கு வந்தால் தொட்டிலிலும் அதே கதை.

சட்டம் என்னவோ தாராளமாகத்தான் இருக்கிறது. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். பேரை ஒரு வருஷத்துக்குள் காசில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் கட்டணம் கட்டி, 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். "பதினஞ்சு வருஷம் இருக்குதல்ல? அவளே வந்து எழுதிக்கட்டும்" என்று நான் சொன்ன அன்றைக்கு ராத்திரி எனக்கு ரசம் சாதம். ஊறுகாய்கூட இல்லை.

மனைவி கோபத்திலும் நியாயம் இருந்தது. 2023 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து பிறக்கிற குழந்தைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன் முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்த ஒரே பேப்பர்தான் ஆதாரம். கோடு போட்ட பேப்பரைக் கொண்டுபோனால், அட்டெண்டன்ஸில் "கோடு... ப்ரசன்ட் மிஸ்!" என்றா சொல்ல முடியும்?

ஆபீஸில் என் மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே. "ஷிப்மென்ட் தேதி நெருங்குது தம்பி. லேட் ஆச்சுன்னா ஏர்ல அனுப்போணும். செலவு உங்க தலையில" என்றார். அவருக்கு எல்லாமே ஷிப்மென்ட்.

பேருக்குப் பஞ்சமா என்று கேட்காதீர்கள். மனைவியின் செல்போனில் ஒரு லிஸ்ட் இருக்கிறது. எல்லாப் பேரிலும் நடுவில் ஒரு 'ஷி', கடைசியில் ஒரு 'கா'. தன்ஷிகா, மித்ஷிகா, ரித்ஷிகா, வன்ஷிகா...

"அர்த்தம் என்னம்மிணி?"

"அதெல்லாம் இருக்குமுங்க."

இருக்கும். ஆனால், எங்கள் தெருமுனை ப்ளே ஸ்கூல் வாசலில் நின்று "ஷிகா!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். ஒன்பது குழந்தைகள் திரும்பும். பத்தாவது குழந்தையின் ஆயா "எங்க பாப்பாவைத்தான் கூப்பிட்டீங்களா?" என்று ஓடி வருவார்.

இந்தப் பக்கம் மாமனார். அவருக்கு நியூமராலஜி. "கூட்டுத்தொகை அஞ்சு வரோணும் மாப்ளே" என்று இங்கிலீஷில் மூணு 'ஏ'யைச் சேர்த்து எழுதிக் காட்டினார். படித்துப் பார்த்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஜாதகம் எழுதியவரோ, "உத்திரம் நட்சத்திரம். டே, டோ, ப, பி... இந்த நாலு எழுத்துல ஆரம்பிக்கோணும்" என்று சொல்லிவிட்டார். பெண் குழந்தைக்கு 'டே' என்று ஆரம்பித்தால் எப்படிங்க? வாழ்நாள் பூரா யாரோ அதட்டுகிற மாதிரி இல்லையா?

இந்த லட்சணத்தில்தான் இங்கிலாந்து பையரிடமிருந்து குழந்தைகள் டிரஸ் ஆர்டர் ஒன்று வந்தது.

ஸ்டைல் நம்பர் மட்டும் போட்டால் குழப்பமாகிறது என்று சில பையர்கள் ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பெண் பேர் வைப்பார்கள். இந்த ஆர்டரில் எல்சி ஃப்ராக், ஐவி லெக்கிங்ஸ், ஃப்ளோரன்ஸ் டாப். வீடியோ கான்ஃபரன்ஸில் அந்தப் பக்கத்து அம்மணியிடம் பேச்சுவாக்கில், "பேரெல்லாம் புதுசா இருக்குதுங்களே" என்றேன். அவர் சிரித்தார். "புதுசா? எல்லாம் எங்க கொள்ளுப்பாட்டி காலத்துப் பேர். நடுவுல அறுபது எழுபது வருஷம் யாரும் சீந்தலை. இப்ப மறுபடியும் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் அதுதான்" என்றார்.

பொய்யில்லை. 2021-லும் 2022-லும் இங்கிலாந்து, வேல்ஸில் பெண் குழந்தைகளுக்கு அதிகமாக வைத்த முதல் பத்துப் பேர்களில் ஐவியும் ஃப்ளோரன்ஸும் இருக்கிறார்கள். பாட்டி பேரை முன்னால் வைக்கத் தயங்குகிறவர்கள் நடுவில் வைக்கிறார்கள். 2015-ல் பிறந்த இளவரசர் வில்லியமின் மகளுக்குப் பேர் சார்லட் எலிசபெத் டயானா. நடுவில் இருப்பது கொள்ளுப்பாட்டி, அப்புறம் பாட்டி. 2021-ல் ஹாரியின் மகளுக்கு வைத்த பேர் லிலிபெட் டயானா. லிலிபெட் என்பது எலிசபெத் ராணியைச் சின்ன வயசில் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பேர். அரண்மனையில் அவ்வளவு நகை இருக்கிறது. கொள்ளுப்பேத்திக்கு எடுத்துக் கொடுத்தது கொள்ளுப்பாட்டியின் வீட்டுப் பேரை!

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"பாப்பாவுக்கு எங்காத்தா பேரை வெக்கலாம். அருக்காணி."

மனைவி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள். "ஏனுங்க... வெயில்ல வந்தீங்களா?"

"நெசமாத்தாஞ் சொல்றேன்."

"அருக்காணின்னா சினிமாவுல ரெட்டைச்சடை போட்டுக்கிட்டு, ரிப்பனை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பல்லைத் துருத்திக்கிட்டு வரும். தியேட்டரே சிரிக்கும். என்ர புள்ளையைப் பார்த்தும் ஸ்கூலே சிரிக்கோணுமா?"

அடுத்த குண்டையும் அவளே போட்டாள். "பழைய பேருன்னா எல்லாம் பொக்கிஷமாக்கும்? குப்பாயி, போதும்பொண்ணு... இதெல்லாமும் பழைய பேருதானுங்க. அதையும் வெப்பீங்களா?"

வாயடைத்துப் போனேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. வரிசையாகக் குழந்தைகள் செத்துப் போனால், அடுத்து பிறந்ததைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி, குப்பன் என்றும் குப்பாயி என்றும் பேர் வைத்தார்கள். 'இது குப்பை, எமன் தொட மாட்டான்' என்று நம்பிக்கை. அதிலாவது குழந்தை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. போதும்பொண்ணில் அதுவும் கிடையாது. நாலாவதும் பெண்ணாகிவிட்டதே என்ற அலுப்பை அந்தக் குழந்தையின் நெற்றியிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். மகாராஷ்டிராவில் இதே பேர் 'நகுஷா'. வேண்டாதவள் என்று அர்த்தம். 2011-ல் சதாரா மாவட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட நகுஷாக்களுக்கு விழா எடுத்து வேறு பேர் வைத்தார்கள். ஆக, பழசு என்பதற்காகவே ஒரு பேரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது. உள்ளே என்ன நூல் என்று பார்க்க வேண்டும்.

"ஸ்கூலே சிரிக்கும்" என்று அவள் சொன்னது மட்டும் எனக்குள் போய் எங்கேயோ குத்தியது. காரணம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஆபீஸில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

எட்டாவது படிக்கும்போது, மத்தியானம் சோறு தின்கிற நேரத்தில் அவனவன் பாட்டி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருத்தன் விசாலாட்சி என்றான். ஒருத்தன் மீனாட்சி. என் முறை வந்தது. அந்த வாரம்தான் டி.வி.யில் ஒரு படம் பார்த்து எல்லாரும் "அருக்காணி, அருக்காணி" என்று ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு "ராஜேஸ்வரி" என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஆத்தா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். என் சிநேகிதன் ஓடிப்போய், "ராஜேஸ்வரிப் பாட்டி, வாங்க!" என்றான். ஆத்தா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். என் மூஞ்சி போன போக்கைப் பார்த்தவள், அவன் பக்கம் திரும்பி, "என்ன சாமி?" என்றாள். அதற்கப்புறம் நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் அந்தப் பையன்களுக்கு அவள் ராஜேஸ்வரிதான். கூப்பிட்டால் உடனே திரும்புவாள். வீட்டில் வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது சொல்லுங்கள். நான் ஏன் அந்தப் பேரையே பிடித்துத் தொங்குகிறேன் என்று புரிகிறதா?

அந்த வாரம் பூரா எனக்கு மெர்ச்சண்டைசிங் ஓடவில்லை. பேர் ஆராய்ச்சிதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் செக்‌ஷனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் கம்பெனியின் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் ஒரு தேசியப் புத்தகம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பெண்களுக்கெல்லாம் பின்னால் 'குமாரி' என்று இன்னொரு பேர் ஒட்டிக்கொண்டிருக்கும். நம்ம ஊர்ப் பெரிய அக்காக்கள் எல்லாரும் ஆத்தாள்கள். பொன்னாத்தாள், மாராத்தாள், ராமாத்தாள், கருப்பாத்தாள், நாச்சாத்தாள். ஆத்தாள் என்றால் அம்மா. பிறந்த அன்றைக்கே, தொட்டிலில் கிடக்கும்போதே, அம்மா என்று கூப்பிட்டிருக்கிறார்கள் பாருங்கள் எங்கள் ஊரில்!

அங்கே பிசிர் வெட்டுகிற அக்கா ஒருத்தர் சொன்னதுதான் எனக்குத் திருப்பம். "பேத்தின்னா என்னன்னு நெனச்சீங் தம்பி? பேரை எடுத்துக்கிட்டவ. அதனாலதான் பேத்தி."

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். அக்கா சொன்னது சரி. பெயரன்தான் பேரன். பெயர்த்திதான் பேத்தி. பாட்டன் பேரைச் சுமப்பவன், பாட்டி பேரைச் சுமப்பவள். இத்தனை நாளாக அந்த வார்த்தையை நாம் சும்மாவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். பேரை எடுத்துவிட்டு ஆளை மட்டும் பேத்தி என்றால், உள்ளே துணி இல்லாமல் பாலிதீன் கவரை மட்டும் பேக் பண்ணி அனுப்பின மாதிரி இல்லையா?

சரி, பாட்டி பேரையே பேத்திக்கு வைத்தால் ஒரு சிக்கல் வருமே என்றேன். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாளே! "அதுக்குத்தானுங் ரெண்டு பேரு" என்றார் அக்கா. ஏட்டில் பாட்டி பேர். வீட்டில் பாப்பாத்தி, கண்ணம்மா, அம்மிணி. ஒரு பேர் வம்சத்துக்கு. ஒரு பேர் வாய்க்கு.

இங்கிலீஷ்காரர்கள் நடுப்பேர் என்று இன்றைக்குப் பெருமையடிக்கிறார்கள். நம்மிடம் எப்போதிருந்தோ ஜோடிப் பேர் இருக்கிறது. சங்ககாலத்தில் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர் ஒரு பெண். பேர், காக்கைபாடினியார் நச்செள்ளையார். காக்கையைப் பாடியதால் ஊர் கொடுத்த பேர் ஒன்று, தனக்கென்று இருந்த பேர் ஒன்று. நம்ம காலத்துக்கு வாருங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் நூறு வயசைத் தாண்டியும் வயலில் இறங்கி வேலை செய்து, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினாரே பாப்பம்மாள் பாட்டி, அவருடைய இன்னொரு பேர் ரங்கம்மாள். 2024-ல் அவர் காலமானபோது ஊரே அழுதது பாப்பம்மாளுக்காக. டி.கே.பட்டம்மாளுக்கு முதலில் வைத்த பேர் அலமேலு.

இனிஷியல் என்றால் அப்பா பேர் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை. 'எஸ்' அவருடைய அம்மா சண்முகவடிவு. எம்.எல்.வசந்தகுமாரியின் 'எல்' அவருடைய அம்மா லலிதாங்கி. இரண்டு அம்மாக்களுமே சங்கீதக்காரர்கள். மகள் மேடையேறும் போதெல்லாம் அம்மா ஒற்றை எழுத்தாகக் கூடவே ஏறியிருக்கிறார்.

நம்ம ஊருக்கே வருவோம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் குமரன் நினைவகத்தைத் தாண்டித்தான் போகிறோம். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் உயிரை விட்ட குமரனின் பேர் தெரியாத ஆள் திருப்பூரில் இல்லை. அவரைப் பெற்ற அம்மா பேர் கருப்பாயி. மனைவி பேர் ராமாயி. 27 வயசு மகனை அவர் கொடுத்தார். கணவரை இவர் கொடுத்தார். இந்த இரண்டு பேரையும் இன்றைக்கு எத்தனை வீட்டில் வைப்போம்? நான் உட்பட யோசிப்போம்.

கடைசியில் அருக்காணிக்கே வந்தேன். காங்கேயத்துப் பக்கம் ராத்திரி ராத்திரியாக உடுக்கடித்துப் பாடுவார்களே அண்ணன்மார் கதை, அதில் பொன்னர் சங்கருக்குத் தங்கை ஒருத்தி. பேர் என்ன? அருக்காணித் தங்காள்! அருக்காணித் தங்கம் என்றும் சொல்வார்கள். நடக்கப்போவதைக் கனவில் முன்கூட்டியே காண்கிறவள். அண்ணன்கள் மாண்ட பிறகு காட்டுக்குள் தேடிப்போய், செத்தவர்களையே எழுப்பிப் பேசினவள். இந்தக் கதையைக் கேட்பதற்காகவே 1960-களில் பிரெண்டா பெக் என்ற வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வந்து தங்கி, டேப்பில் பிடித்து, 1982-ல் இங்கிலீஷில் புத்தகமும் போட்டார். கடல் தாண்டி வந்த ஒருத்தர் அருக்காணியைத் தேடி மைல்கணக்கில் நடந்திருக்கிறார். நான் எட்டாம் வகுப்பில் அவளை ராஜேஸ்வரி ஆக்கிவிட்டேன்.

இதையெல்லாம் மனைவியிடம் ஒரே மூச்சில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரையும் கேட்டுட்டீங்க. பேருக்குச் சொந்தக்காரங்களைக் கேட்டீங்களா?" என்றாள்.

நியாயம். ஞாயிற்றுக்கிழமை மூணு பேரும் பஸ் ஏறினோம்.

ஆத்தாவுக்கு வயசு 84. ஊரில் சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். கீரை உருவுகிற கை நின்றது.

"என்ர பேரையா? என்ர பேரை ஆரு கண்ணு கூப்பிட்டாங்க? பொறந்த ஊட்டுல பாப்பா. இங்க வந்தப்பறம் மாமியா 'ஏ புள்ளே'ம்பா. உங்கப்பாரு 'இந்தா'ம்பாரு. அப்பறம் உங்கப்பன் பொறந்து அம்மா. நீ பொறந்து ஆத்தா. ஒருத்தரும் பேரைச் சொல்லலியே."

"ஒருத்தருமேவா?" என்றாள் என் மனைவி.

ஆத்தா கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. கல்யாணப் பொண்ணு மாதிரி.

"கம்பெனியில கூப்பிடுவாங்க அம்மிணி."

அப்பாரு போனதுக்கப்புறம் ஆத்தா காலையில் முதல் பஸ் பிடித்துத் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போனாள். அது எனக்குத் தெரியும். மீதி தெரியாது.

"சனிக்கெழம சாயங்காலம் சம்பளம். கணக்குப்புள்ள நோட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு, 'அருக்காணீ...'ன்னு ஒரு சத்தம் போடுவாரு. அத்தனை சனத்துக்கு முன்னால. மொதத்தரம் கூப்பிட்டா நான் எந்திரிக்க மாட்டேன்."

"ஏனுங்காத்தா? காது கேக்காதுங்களா?"

"நல்லாக் கேக்கும். இன்னொருக்கா கூப்பிடுவாருல்ல?"

யாரும் பேசவில்லை. குழந்தை மட்டும் முருங்கைக்கீரையை வாயில் போட்டுத் துப்பியது.

"மத்தவங்க கைநாட்டு வெப்பாங்க. அறிவொளிக்காரங்க ராத்திரியில வந்து எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்கல்ல? என்ர பேருல 'அ' மட்டுந்தான் எனக்கு வந்துச்சு. அதுக்கப்பறம் ஒரு சுழி வருமே, அது மொரண்டு பண்ணிச்சு. 'அ' போட்டாப் போதும்னு கணக்குப்புள்ள சொல்லிட்டாரு. அ போட்டுப்போட்டுச் சம்பளம் வாங்கினேன்."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "பேரை வெக்கறது பெரிசில்லை கண்ணு. வெச்சாக் கூப்பிடோணும். கூப்பிடாத பேரு துருப்பிடிச்சுப் போயிரும்." நிறுத்தினாள். "ஆமா, அந்த ராசேசுவரி ஆருன்னு நீ கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே?"

நான் கீரை உருவ ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய? ஒரு கட்டு முழுக்க உருவிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "துளசிமணி."

"என்னது?"

"எங்க அம்மிச்சி பேரு. கட்டிக்கிட்டு ஏழு வருஷமாச்சு. கைப்பக்குவம் கைப்பக்குவம்னு அவங்க கையால எத்தனை தரம் சாப்பிட்டிருக்கீங்க? பேரு என்னன்னு ஒருக்கா கேட்டீங்களா?"

வாரம் பூரா ஊர்ப் பாட்டிகள் பேரையெல்லாம் ஆராய்ச்சி செய்தவன், பக்கத்து சீட்டுக்காரியின் பாட்டி பேரைக் கேட்கவில்லை. பஸ் பல் இளித்தது. இல்லை, நான்தான் இளித்தேன்.

பஸ் திருப்பூர் வருவதற்குள் பேர் முடிவாகிவிட்டது. துளசி அருக்காணி.

ஜோடி சரியா என்று பார்க்க ஒரு டெஸ்ட் உண்டு. வாசலில் நின்று கத்திப் பார்க்க வேண்டும். மாடிப்படியில் நின்று கத்தினேன். 'துளசியருக்காணி' என்று நடுவில் ஒரு 'ய' வந்து இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது. ஃப்ளாட்லாக் தையல் மாதிரி, பிசிரே இல்லை. செல்போன் லிஸ்டிலிருந்த பேர்களை அருக்காணியோடு சேர்த்துப் பார்த்தேன். ஷிகாவருக்காணி! தையல் பிரிந்து தொங்கியது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் "யாருங்க காணோம்?" என்று டார்ச்சோடு வந்துவிட்டார்.

எங்கள் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பனியனின் கழுத்தில் பளபளவென்று மெயின் லேபிள் இருக்கும். அது கடைக்காரன் பேர்; அந்தந்த சீசனுக்குத் தகுந்த மாதிரி. இடுப்போரத் தையலில், உள்பக்கமாக, சின்னதாக இன்னொரு லேபிள் இருக்கும். என்ன நூல், எப்படித் துவைக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். நடுப்பேர் அந்த வாஷ்கேர் லேபிள். வெளியில் தெரியாது. ஆனால், நூறு சதவிகிதம் காட்டன் என்று சத்தியம் பண்ணுவது அதுதான்.

மாமனாரிடம் சொன்னோம். காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "கூட்டுத்தொகை..." என்று ஆரம்பித்தவரிடம், "துளசிங்கிறது அம்மிச்சி பேருப்பா" என்றாள் மகள். மாமியாரின் அம்மா பேர்! சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். மாமனார் காகிதத்தை நாலாக மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு, "பிரமாதமான நம்பர் மாப்ளே" என்றார். முப்பத்தஞ்சு வருஷக் குடும்பஸ்தர். அனுபவம் பேசுகிறது.

ஆபீஸில் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தவர், "அருக்காணிங்கிறது அப்பா பேருங்களா?" என்றார். என் மீசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்பாவோட ஆத்தா பேருங்க."

ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தினார். "எங்க பாட்டி பேரு மாராத்தாள்ங்க" என்றார். நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார்.

இரண்டு பேர் இருப்பதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பாஸ்போர்ட் ஃபாரத்தில் பேருக்கும் குடும்பப் பேருக்கும் தனித்தனிக் கட்டம். ஒற்றைப் பேரும் இனிஷியலுமாக இருக்கும் நம்ம ஆட்கள் அங்கேதான் முழிப்பார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருக்கிறவர்களுக்கு விசிட் விசா கிடையாது என்று சொன்னபோது பலரும் ஆடிப் போனார்கள். என் மகளுக்கு அந்தக் கவலை இல்லை. முதல் கட்டத்தில் துளசி. அடுத்த கட்டத்தில் அருக்காணி. நாளைக்கு லண்டன் ஏர்போர்ட்டில் கோட்டு போட்ட ஆபீஸர் எழுந்து நின்று, "மிஸ் அருக்காணி!" என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். எந்த தியேட்டர் சிரிக்கும், பார்த்துவிடலாம்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் ஆத்தாவிடம் காட்டினோம். விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. "இது 'அ'தானே?" என்றாள்.

"ஆமாங்காத்தா. அது உங்க பேரு."

"கூப்பிடுவீங்களா?"

"வீட்டுல துளசிங்காத்தா. ஆனா ஸ்கூல்ல, காலேஜ்ல, ஏர்போர்ட்டுல எல்லாம் முழுப் பேருதான். மைக்குல கூப்பிடுவாங்க, 'அருக்காணி'ன்னு."

"அத்தனை சனத்துக்கு முன்னாலயா?"

"ஆமாங்காத்தா."

ஆத்தா குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ரகசியம் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"மொதத்தரம் கூப்பிட்டதும் எந்திரிச்சுறாதே சாமி!"